நெய்ய நெய்யக் குறையுற பாவு

வா மாப்ளே, உட்காரு. நீ செருப்பைக் கழட்டி விட்ட சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு, பாப்பா மறுபடியும் கணக்குல கவுந்துட்டா. எவ்ளோ? 100-க்கு 22-ஆ? அட, போன தடவை 18-னு சொன்னே. நாலு ஏறியிருக்குதே! இந்த வேகத்துல நெசவுக் கூலி ஏறியிருந்தா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல நாங்கல்லாம் மாடி மேல மாடி கட்டியிருப்போம்.

சிரிக்க மாட்டியா? சரி, நான் கேக்குறதுக்குப் பதிலாவது சொல்லு. கேள்வித்தாள் எழுதினது யாரு? நீ. பக்கத்துல உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தது? நீ. சிவப்புப் பேனாவுல கோடு கிழிச்சது? நீ. ராத்திரி சோறு இறங்காம கூரையைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தது? அதுவும் நீதான், உன் பொண்டாட்டி போன்ல சொல்லிட்டா. பாப்பா ரெண்டு தோசை கூடவே தின்னுட்டுத் தூங்கிட்டாளாம். அப்ப பரீட்சை யாருக்கு நடந்துது மாப்ளே? அந்த 22 உன் மார்க்கு.

ஸ்கூலுக்குப் போற பிள்ளைக்கு ஒரு சவுகரியம் இருக்குது, அதை நீ யோசிக்கவே இல்ல. வாத்தியார் திட்டினா வீட்டுக்கு ஓடிவந்துடலாம். அப்பன் திட்டினா ஸ்கூலுக்கு ஓடிப்போயிடலாம். ரெண்டு இடத்துலயும் பொய் சொல்லிப் பொழைச்சுக்கலாம். உன் பொண்ணு எங்க ஓடுவா? கணக்கு வாத்தியார்தான் பக்கத்துல உட்கார்ந்து ரசம் ஊத்திக்கிறான். அவனே பல்லு தேய்க்கச் சொல்றான். ஞாயித்துக்கிழமைகூட லீவு போட மாட்டேங்குறான்.

பெங்களூரு வேலையை விட்டுட்டு, பிள்ளையை ஸ்கூல்லேருந்து நிறுத்திட்டு, "வாழ்க்கையே பாடம் மாமா"ன்னு நீ வந்து எறங்கின அன்னிக்கு உன்னை நான் தடுக்கலை. நல்ல எண்ணம்தான். ஆனா வாழ்க்கையே பாடம்னு ஆரம்பிச்சவன், வாழ்க்கைன்னு ஒண்ணை மிச்சம் வைக்கணும் இல்ல? வரதராஜர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனே. பிள்ளை பெருமாளைப் பார்க்கும் முன்னாடியே நீ ஆரம்பிச்சே: "அத்தி வரதர் 40 வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணிக்குள்ளேருந்து வெளிய வருவாரு, 1979-ல வந்தாரு, 2019-ல வந்தாரு, இது என்ன தொடர்வரிசை?" அவ "கூட்டுத் தொடர்வரிசை"னு முணுமுணுத்தா. அடுத்தது எப்போன்னே. 2059-ன்னா. சரியாத்தான் சொன்னா. அதோட விட்டியா? பத்தாவது உறுப்பு எதுன்னு கேட்டே. அந்தப் பெருமாளே நிம்மதியாத் தண்ணிக்குள்ள போயிட்டாரு, நீ அவரையும் விட மாட்டேங்குறே.

குடலை இட்லி கொண்டுவந்தாங்க. மந்தாரை இலையை உரிச்சா ஆவி பறக்குது. மிளகும் சுக்கும் நெய்யும் மூக்குல ஏறுது. நீ இட்லியைப் பிள்ளை கையில குடுக்காம, "இது என்ன வடிவம்? உருளை. கன அளவுக்குச் சூத்திரம் என்ன?"ன்னு நிறுத்திட்டே. ஆரத்தை வர்க்கப்படுத்தி, பையால பெருக்கி, உயரத்தால பெருக்கி முடிக்கிறதுக்குள்ள இட்லி ஆறிப்போச்சு. பாப்பா விடையும் தப்பாச் சொன்னா, ஏன்னா விட்டத்தை ஆரம்னு எடுத்துக்கிட்டா. நீ அன்னிக்கு முழுக்க உர்ர்னு இருந்தே. நான் சாப்பிட்டு முடிச்சுட்டேன், எனக்குக் கன அளவு தெரியாது.

அங்கியே நூத்துக்கால் மண்டபம் இருக்குதே, எண்ணிப் பார்த்திருக்கியா? அதைப் பாப்பாதான் எண்ணினா, நீ எண்ணச் சொல்லாமலே. வரிசைக்கு 12 தூண், 8 வரிசை. 96. ஓடிவந்து என் காதுல சொன்னா: "தாத்தா, நாலு கம்மி." நூத்துக்கு 96 வாங்கின மண்டபம் நூத்துக்கால் மண்டபம்னே பேர் வாங்கிட்டு நிக்குது, எந்தக் கல்தச்சனும் அதுக்காகச் சோறு தின்னாம கெடக்கலை. இதை நான் சொன்னப்ப அவ எவ்ளோ நேரம் சிரிச்சா தெரியுமா? நீ அப்ப கல்சங்கிலிக்கு எத்தனை வளையம்னு குறிச்சிக்கிட்டிருந்தே.

போன வாரம் அவளை இங்க கொண்டுவந்து விட்டே. "மாமா, தறியில இல்லாத கணக்கே இல்ல, நடைமுறையில சொல்லிக்குடுங்க"ன்னு எனக்கு வேலையும் வெச்சே. நான் ஒண்ணும் சொல்லிக்குடுக்கலை. பாப்பா தறிக்குழி ஓரத்துல உட்கார்ந்து, உன் அத்தை குடுத்த முறுக்கைக் கடிச்சிக்கிட்டிருந்தா. பெரியவன் நெய்ஞ்சிக்கிட்டிருந்தான். அரக்கு உடம்பு, பச்சைக் கரை, கோர்வைச் சேலை. அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள மருமக உட்கார்ந்திருந்தா. சும்மா பேச்சுக்குக் கேட்டேன்: "பாப்பா, இந்தப் பாவுல மூணு சேலை. ரெண்டு முடிஞ்சுபோச்சு. மூணாவது பாதியில நிக்குது. சொசைட்டியில கேட்டா, பாவுல எவ்ளோ பங்கு ஆச்சுன்னு சொல்றது?"

முறுக்குப் பொடியைத் தட்டிவிட்டு உள்ளங்கையில விரலால எழுதினா. "மூணுல ரெண்டு. அதோட ரெண்டுல ஒண்ணு. மேல ரெண்டும் ஒண்ணும் மூணு. கீழ மூணும் ரெண்டும் அஞ்சு. அஞ்சுல மூணு தாத்தா."

நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே? மூக்கால மூச்சு விட்டிருப்பே. எனக்கு அந்த மூச்சு தெரியும், உன் அப்பன் மூச்சு. நான் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டே, "ரெண்டு சேலை முடிஞ்ச அன்னிக்கு எவ்ளோ ஆயிருந்தது?"ன்னேன். "மூணுல ரெண்டு." "அது பெருசா, அஞ்சுல மூணு பெருசா?" முழிச்சா. "100 ரூபாய்க்குப் போட்டுப் பாரு"ன்னேன். போட்டா. மூணுல ரெண்டுன்னா 66 ரூபாய் சில்லறை. அஞ்சுல மூணுன்னா 60 ரூபாய். "அப்ப ரெண்டு சேலை முடிஞ்சப்ப 66. அதுக்கு மேல அரைச் சேலை நெய்ஞ்சதும் 60. நெய்ய நெய்யப் பாவு குறையுதே கண்ணு, உன் மாமன் எதையாவது ஒளிச்சு வெச்சிட்டானா?"ன்னேன்.

பெரியவன் நாடாவை நிறுத்திட்டுச் சிரிச்சான். மருமக சிரிச்சா. பாப்பாவும் சிரிச்சா, அதுதான் முக்கியம். சிரிச்சு முடிச்சதும் எழுந்துபோய், நெய்ஞ்ச சேலை சுருட்டின மரத்தைத் தொட்டுப் பார்த்துட்டு அவளாவே சொன்னா: "தாத்தா, பாதின்னா சேலையில பாதி, பாவுல பாதி இல்ல. எல்லாச் சேலையையும் அரை அரையா வெச்சா பாவுல ஆறு அரை. அஞ்சு முடிஞ்சுது. ஆறுல அஞ்சு." நான் தலையை மட்டும் ஆட்டினேன். 'சபாஷ்'னுகூடச் சொல்லலை. சபாஷ்னா அதுவும் ஒரு மார்க்குதானே.

இப்ப சொல்லு, நீ இவளுக்கு என்ன நடத்திக்கிட்டிருக்கே? இருபடிச் சமன்பாடு. முக்கோணவியல். எக்ஸை மேலயும் கீழயும் வெச்ச பின்னம். வெறும் எண்ணையே மேலோட மேல, கீழோட கீழ கூட்டுறவ, எக்ஸ் வந்தா மட்டும் திருந்திடுவாளா? உன் 22 மார்க்குத் தாளை எடுத்துக்கிட்டு வந்திருக்கே இல்ல, விரிச்சுப் பாரு. எனக்கு எக்ஸ் தெரியாது, ஆனா சிவப்புக் கோடு எங்கெங்க இருக்குதுன்னு தெரியும். கோடு போட்ட இடத்துலல்லாம் ஒரு பின்னம் இருக்குது பாரு. நீ பத்துத் தப்புன்னு எண்ணி வெச்சிருக்கே. அது ஒரே தப்பு, பத்து தடவை வந்திருக்குது. ஆறாங்கிளாஸ்ல, நீங்க வீடு மாறினப்பவோ, எப்பவோ விட்டுப்போனது. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் அது மேலயே உட்கார்ந்திருக்குது.

அறுந்த இழையை அறுந்த இடத்துலதான் முடியணும்னு நான் உவமை சொல்லப் போறேன்னு நீ காத்திருக்கே. சொல்ல மாட்டேன். பட்டிமன்றத்துல சொல்லிச் சொல்லி அந்த இழையே நைஞ்சுபோச்சு.

ஆறாங்கிளாஸ் புத்தகம் அரசாங்கமே இலவசமா இணையத்துல போட்டிருக்குதாம், என் பேரன் சொன்னான். அதை எடுத்துப் பின்னம் இருக்கிற பக்கம் மட்டும் அச்சடி. 'ஆறாம் வகுப்பு'ன்னு எங்கியும் தெரியக்கூடாது. பதினஞ்சு வயசுப் பொண்ணு, அவளுக்கும் மானம் ரோஷம் இருக்குது. பழுப்பு அட்டை போட்டு, மேல ஏதாவது பெரிய பேரா எழுது. நீ பெங்களூருல பண்ணின வேலையே அதுதானே, சின்ன விஷயத்துக்குப் பெரிய பேரு வைக்கிறது. இங்கயும் அதைக் காட்டு.

என் தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்துல எண்சுவடி ஒப்பிச்சவரு. அவருக்கு இந்தப் பின்னத் தொல்லையே கெடையாது. முந்திரின்னு ஒண்ணு, 320-ல ஒரு பங்கு. கால்னா 80 முந்திரி. அரைக்கால்னா 40. மாகாணின்னா 20. மான்னா 16. காணின்னா 4. மாகாணியும் மாவும் சேர்ந்தா எவ்ளோன்னு கேட்டா மீச்சிறு பொது மடங்குன்னு உட்கார மாட்டாரு. 20-ம் 16-ம் 36 முந்திரி, முடிஞ்சுது. எல்லாத்தையும் ஒரே சில்லறையா மாத்திட்டுத்தான் கூட்டுவாங்க. பாப்பா பாவை ஆறு அரையாப் பிரிச்சாளே, அதுவும் இதேதான், யாரும் சொல்லிக்குடுக்காமலே. ஒண்ணு மட்டும் இடிக்கும்: 320-ஐ மூணால வகுத்தா மிஞ்சும். மூணு சேலைப் பாவு எங்க தாத்தாவுக்கே தலைவலிதான்.

பேனாவை எடுக்காதே! எடுக்காதேன்னேன் இல்ல? எனக்குத் தெரியும், நாளைக்கே 'பாரம்பரியக் கணிதம், முதல் அலகு'ன்னு கால அட்டவணையில ஏத்திடுவே. அப்புறம் முந்திரிக்கும் அவ முகத்தைத் திருப்பிக்குவா, பாயசத்துல போட்டாலும் எடுத்து ஓரத்துல வெச்சிடுவா.

அப்புறம் அந்த ராமானுஜம் கதை. தெனம் சொல்றியாமே? விட்டுடு. அவரு கணக்குல ஜெயிச்சு மத்ததுலல்லாம் கோட்டை விட்டவரு. கும்பகோணம் காலேஜ்ல ஸ்காலர்ஷிப் போச்சு. 1905-ல சொல்லாமக் கொள்ளாம வீட்டை விட்டு ஆந்திரா பக்கம் ஓடினாரு. அப்புறம் மெட்ராஸ் பச்சையப்பன் காலேஜ். எஃப்.ஏ. பரீட்சையில 1906-ல ஒரு தடவை, மறு வருஷம் ஒரு தடவை, ரெண்டுலயும் அவுட்டு. உடற்கூறுப் பாடத்துல, ஜீரணத்தைப் பத்தின பாடம் தனக்கு ஜீரணம் ஆகலைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தாராம். உன் பொண்ணு நீ வெச்ச பரீட்சையில தமிழ், இங்கிலீஷ், அறிவியல், சமூக அறிவியல் எல்லாத்துலயும் தேறி, கணக்குல மட்டும் விழுந்தவ. சரியாத் தலைகீழ். அவரைக் காட்டி இவளைத் திட்டுறது நியாயமே இல்ல. காட்டுறதா இருந்தா இவளை அவருக்குக் காட்டணும்: "பாருங்க சார், ஜீரணப் பாடத்துல 78 வாங்கியிருக்கா."

சொல்லியே தீருவேன்னா அவரு பட்ட அவமானத்தைச் சொல்லு. சின்னப் பிள்ளையில கொஞ்ச காலம் இதே காஞ்சிபுரத்துல இருந்தவருதான். அம்மாவைப் பெத்த தாத்தாவுக்கு இங்க கோர்ட்டு உத்தியோகம். அப்புறம் மெட்ராஸ்ல ஒரு பள்ளிக்கூடத்துல போட்டாங்க. பிடிக்கலை, டிமிக்கி குடுத்தாரு. வீட்டுல ஒரு போலீஸ் கான்ஸ்டபிளைப் பிடிச்சு, பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஏற்பாடு பண்ணாங்க. ஆறு மாசத்துல கும்பகோணம் திரும்பிட்டாரு. அங்க கணக்குப் பரீட்சையில கூட்டாளி ஒருத்தன் அவரை விடக் கொஞ்சம் மார்க் கூட வாங்கிட்டான்னு அவன்கூடப் பேச மாட்டேன்னு அழுதுக்கிட்டு வீட்டுக்கு ஓடினாரு. கொஞ்சம் பெரியவனானதும் முக்கோணவியல்ல தானா ஒரு சங்கதி கண்டுபிடிச்சாரு. பார்த்தா, அதை ஆய்லர்னு ஒருத்தரு 150 வருஷம் முன்னாடியே கண்டுபிடிச்சு வெச்சிருந்தாரு. வெட்கம் தாங்காம அந்தக் காகிதத்தையெல்லாம் வீட்டுக் கூரையில செருகி ஒளிச்சு வெச்சாரு. பாப்பாவும் உன் 18 மார்க்குத் தாளை எங்கியோ ஒளிச்சு வெச்சிருக்கா, எங்கன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

நம்ம ஊர்ல படிப்பை விட்டவங்க கதைக்கா பஞ்சம்? நாலாம் நூற்றாண்டுல மயூரசர்மன்னு ஒரு பையன், குருவோட காஞ்சிக் கடிகையில வேதம் படிக்க வந்தான். கடிகைன்னா அந்தக் காலத்துப் பெரிய கல்லூரி. பல்லவனோட குதிரைக்காரன் ஒருத்தன்கூடத் தகராறு. படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு புத்தகத்தை வெச்சிட்டு வாளை எடுத்தான். கடம்ப ராஜ்யத்தை உண்டாக்கினான். கர்நாடகத்துல தாளகுண்டா கல்வெட்டுல இன்னிக்கும் இருக்குது. அதனால பிள்ளையை ரொம்ப நெருக்காதே. கோவிச்சுக்கிட்டுப் போய் ஏதாவது ராஜ்யத்தைப் பிடிச்சுட்டா வரி கட்டுறது நீதான்.

உன் பொண்டாட்டிகிட்டயும் ஒரு வார்த்தை. "எனக்கும் சின்ன வயசுலேருந்தே கணக்கு வராது"ன்னு பிள்ளையைத் தேத்துறாளாம். பாசம்தான், ஒத்துக்கறேன். ஆனா அது பிள்ளை காதுல "நம்ம வம்சத்துக்கே வராது"ன்னு விழுது. பால்காரன் ரெண்டு நாள் வராத மாசத்துல காகிதம் இல்லாம கணக்குத் தீர்க்கிறவ அவ. சீட்டுப் பணத்துல தள்ளு போக யாருக்கு எவ்ளோன்னு என்னையே மடக்கினவ. அதைப் பிள்ளை முன்னாடி செய்யச் சொல்லு, பாடமா இல்ல, வழக்கம்போல.

சொல்லிக்குடுக்க வேற ஆளைப் பாரு. பக்கத்துத் தெருவுல காலேஜ் படிக்கிற பொண்ணு ஒருத்தி டியூஷன் எடுக்கிறா. பெரிய மேதை இல்ல, போன வருஷம் அவளே ஒரு பேப்பர் அரியர் வெச்சுத்தான் முடிச்சா. அதனாலதான் சொல்றேன். தப்பு வந்தா அவ மூஞ்சி மாறாது. பாப்பா விடையைச் சொல்லும்போது தாளைப் பார்க்கிறதே இல்ல மாப்ளே, உன் புருவத்தைப் பார்க்கிறா. புருவம் ஏறினா "இல்ல இல்ல, கழிக்கணும்"னு மாத்திக்கிறா. புருவத்தை வெச்சு இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கிற வித்தையை ஆய்லரே கண்டுபிடிக்கலை.

டியூஷன் நேரத்துல நீ வீட்டுல இருக்காதே. காந்தி ரோடு வரைக்கும் நடந்துட்டு வா. கைலாசநாதர் கோயிலுக்குப் போ, எதையும் எண்ணாம சுத்திட்டு வா.

பரீட்சைக்கு வருவோம். நீ பாப்பாவைத் தேசிய ஓபன் ஸ்கூல்ல பதிஞ்சிருக்கே. பதிஞ்சா அஞ்சு வருஷம் செல்லும், ஒன்பது தடவை எழுதலாம். ஒரே மூச்சுல அஞ்சு பாடமும் எழுதணும்னு இல்ல, ஒண்ணொண்ணாத் தேறிச் சேர்த்துக்கலாம். தேறினதுக்கு மறுபடி உட்கார வேணாம். 33 எடுத்தாப் போதும். பத்தாவதுக்கு அங்க கணக்கு கட்டாயம்கூட இல்ல, வேற பாடம் எடுத்துக்கலாம். கண்ணை விரிக்காதே, நீ அந்தப் பக்கம் போகணும்னு சொல்லலை. கணக்கை விட்டா நாளைக்குச் சில கதவு மூடிக்கும். பாப்பாவுக்கு ஆறுல அஞ்சைக் கண்டுபிடிக்கிற மூளை இருக்குது, விட வேண்டிய அவசியம் இல்ல. ஆனா அப்படி ஒரு வழி இருக்குதுன்னு உனக்குத் தெரிஞ்சிருந்தா ராத்திரி தூக்கமாவது வரும். அவகிட்ட அதை மிரட்டலாவும் சொல்லாதே, தியாகம் மாதிரியும் சொல்லாதே. கேட்டா சொல்லு.

வர்ற அக்டோபர்ல மத்த நாலு பாடத்தையும் எழுதட்டும். நாலையும் முடிச்சுட்டான்னா நடையே மாறிடும். கணக்கை ஏப்ரலுக்குத் தள்ளு. ஏப்ரல்ல போனாலும் ஒன்பதுல ரெண்டுதான் போயிருக்கும், ஏழு பாக்கி. அந்த ஏழுக்கும் நீ பரீட்சை ஹால் வாசல்ல தண்ணி பாட்டிலோட நிக்கக்கூடாது. நின்னேன்னு தெரிஞ்சா, ராமானுஜத்துக்குப் பிடிச்ச மாதிரி நானும் ஒரு கான்ஸ்டபிளைப் பிடிப்பேன். பாப்பாவை உள்ள அனுப்ப இல்ல, உன்னை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப.

எங்க எழுந்துட்டே? அத்தை காபி போட்டிருக்கா, குடிச்சுட்டுப் போ. பாப்பாவை நாளைக்குச் சாயங்காலம் அனுப்பு. சொசைட்டிக்காரன் குடுத்த கூலிச் சீட்டுல ஜரிகைப் பிடித்தம் எனக்குப் புரியலை, அவ பார்த்துச் சொல்லட்டும். நெஜமாவா புரியலைன்னு கேக்குறியா? இந்தத் தொழில்ல அம்பது வருஷத்துக்கு மேல இருந்துட்டேன் மாப்ளே. அவ வர்ற வரைக்கும் புரியாது.